டாஸ் கணினியில் டயல்-அப் இணைப்பு தடுமாறும்போது எங்கிருந்து தேடுவது

என்னிடம் உள்ள பழைய 486 கணினியில் எம்எஸ்-டாஸ் 6.22 (சுருக்கமாக டாஸ்) என்ற பழைய இயங்குதளம் இயங்குகிறது. அதிலிருந்து டயல்-அப் வழியாக, அதாவது தொலைபேசிக் கம்பியில் எண்ணைச் சுழற்றி, இணையத்தைத் தொடுவதற்குப் பல இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். அந்த இரவுகளில் பெரும்பாலானவை வீணானதற்குக் காரணம், குறை தெரிந்த இடத்திலேயே நான் குறையைத் தேடிக்கொண்டிருந்ததுதான். உலாவியில் பக்கம் பாதியில் நின்றால் உலாவியின் அமைப்புகளை மாற்றினேன். கடவுச்சொல்லை அனுப்பிய பிறகு இணைப்பு அறுந்தால் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்தேன். டாஸில் ஒரு குறை பிறக்கும் இடம் ஒன்றாகவும் அது கண்ணுக்குத் தெரியும் இடம் அதற்கு ஓரிரு படி மேலாகவும் இருப்பது வழக்கம் என்று புரிந்துகொண்ட பிறகுதான் வேலை நேராக நடக்கத் தொடங்கியது.

இதற்குக் காரணம் டாஸின் அமைப்பிலேயே இருக்கிறது. இணையத்தின் பொதுமொழியான டிசிபி/ஐபி டாஸில் உள்ளிணைந்து வருவதில்லை. சீரியல் போர்ட் ஒன்று, அதன் மறுமுனையில் மோடம் ஒன்று, அந்த இரண்டின் வழியே எஸ்எல்ஐபி அல்லது பிபிபி என்ற இணைப்பு நெறிமுறையைப் பேசும் நினைவகவாசி நிரல் (நினைவகத்திலேயே தங்கிப் பின்னணியில் இயங்கும் நிரல்) ஒன்று, அதற்கு மேலே தன் டிசிபி/ஐபியைத் தானே சுமந்து வரும் பயன்பாடு ஒன்று என நான்கு தனித்தனி ஆட்கள் வேலை செய்கிறார்கள். இவர்களை மேற்பார்வையிடும் பொதுவான அதிகாரி எவரும் இல்லை. கீழே உள்ளவர் ஒரு பைட்டைத் தவறவிட்டால் மேலே உள்ளவருக்குத் தெரிவதெல்லாம் தாமதம் மட்டுமே. ஆகவே ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி, கீழிருந்து மேலாகக் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி சீரியல் போர்ட்டுக்கு. மரபுப்படி காம்1 போர்ட்டின் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 3எஃப்8, அதன் இன்டரப்ட், அதாவது செயலியின் கவனத்தைக் கேட்கும் அழைப்பு, ஐஆர்கியூ 4. காம்2 போர்ட்டுக்கு 2எஃப்8, ஐஆர்கியூ 3. காம்3 போர்ட்டுக்கு 3ஈ8, ஆனால் மீண்டும் ஐஆர்கியூ 4. காம்4 போர்ட்டுக்கு 2ஈ8, மீண்டும் ஐஆர்கியூ 3. எந்தெந்தப் போர்ட்டுகளை பயாஸ் (கணினி தொடங்கும்போது வன்பொருளைத் தயார்செய்யும் உள்நிரல்) கண்டறிந்தது என்பதை அறிய டாஸின் டீபக் நிரலைத் திறந்து டி 40:0 என்று கட்டளையிட்டால் போதும்; முதல் எட்டு பைட்டுகளில் நான்கு முகவரிகளும் வரிசையாக, பின்பாதி பைட் முன்னதாக எழுதப்பட்டிருக்கும். அங்கே பூச்சியங்கள் இருந்தால் அந்தப் போர்ட் பயாஸுக்குத் தெரியாது என்று பொருள். பல பழைய பயாஸ்கள் காம்3, காம்4 ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதே இல்லை. இந்த அட்டவணையை நம்பும் நிரல்கள் அங்கே மோடமே இல்லை என்று சொல்லும். முகவரியை நேரடியாகக் கொடுக்க இடமளிக்கும் நிரல்களோ அதே மோடத்துடன் இயல்பாகப் பேசும்.

ஐஆர்கியூ 4 இருமுறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். என்னை நீண்ட நாள் அலையவைத்த குறை அங்கேதான் ஒளிந்திருந்தது. கணினிக்குள் பொருத்தப்பட்ட மோடம் காம்3 போர்ட்டில் இருந்தது. சீரியல் மவுஸ் காம்1 போர்ட்டில் இருந்தது. டெலிக்ஸ் போன்ற முனைய நிரலில் எண்ணைச் சுழற்றி மணிக்கணக்கில் பேசினாலும் ஒரு பிழையும் வரவில்லை. அராக்னே உலாவியைத் திறந்து பக்கத்தை இறக்கத் தொடங்கினால் மட்டும், சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ எல்லாம் உறைந்துவிடும். முனைய நிரலில் நலமாக இருக்கும் மோடத்தின் மீது எனக்குச் சந்தேகம் வரவே இல்லை, உலாவியைத்தான் குற்றவாளியாக்கினேன். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு, முனைய நிரலில் நான் மவுஸைத் தொடவில்லை என்பதே. ஐஎஸ்ஏ பாட்டையில் (அட்டைகளைப் பொருத்தும் பழைய இணைப்புத் தடத்தில்) இரண்டு அட்டைகள் ஒரே இன்டரப்டைப் பகிர்ந்துகொள்வது பொதுவாகச் சாத்தியமில்லை. மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் மோடத்தின் அழைப்பு அந்த நெரிசலில் காணாமல் போகலாம். மோடத்தின் ஜம்பரை (அட்டையின் அமைப்பை மாற்றும் சிறு இணைப்பானை) ஐஆர்கியூ 5க்கு மாற்றி, ஒலி அட்டையோ இரண்டாவது அச்சுப்பொறிப் போர்ட்டோ அந்த எண்ணைப் பிடித்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்து, புதிய எண்ணை பிபிபி நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதியவுடன் குறை அகன்றது. ஜம்பரில் அந்த வசதி இல்லாத மோடமாக இருந்தால், தாய்ப்பலகையின் காம்2 போர்ட்டை முடக்கி, மோடத்தை அந்த முகவரியிலும் ஐஆர்கியூ 3இலும் அமர்த்துவதே சுத்தமான வழி.

வெளியே வைக்கும் மோடமாக இருந்தால் அதன் முகப்பு விளக்குகள் பெரும் உதவி. நீங்கள் தட்டச்சு செய்யும்போது அனுப்பும் விளக்கு மின்னுகிறது, பெறும் விளக்கும் மின்னுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் தோன்றவில்லை என்றால் மோடம் பதில் சொல்லிவிட்டது, கணினிதான் கேட்கவில்லை என்று பொருள். அது பெரும்பாலும் இன்டரப்ட் எண் தவறிய நிலை. எந்த விளக்குமே மின்னவில்லை என்றால் கேபிளையும் முகவரியையும் பார்க்க வேண்டும். கேபிள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில மலிவான கேபிள்களில் அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரைக் கம்பி ஆகிய மூன்று மட்டுமே இருக்கும். சாதாரணப் பேச்சுக்கு அவை போதும். அனுப்பலாமா, அனுப்பு என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளைக் கொண்டு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை இயக்கியவுடன், வராத சைகைக்காக நிரல் காத்துக்கொண்டே நின்றுவிடும்.

இரண்டாவது ஆள் மோடம். பிபிபி நிரலை முழுமையாக ஒதுக்கி வைத்துவிட்டு, முனைய நிரல் ஒன்றில் ஏடி என்று தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். ஓகே என்ற பதில் வந்தால் இதுவரை எல்லாம் நலம். பதில் வராவிட்டாலும் மோடம் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முன்பு யாரோ எதிரொலியையும் பதில்களையும் நிறுத்திவிட்டு அதையே நிலையான அமைப்பாகச் சேமித்திருக்கக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு ஏடி&எஃப் என்று தட்டினால் ஆலை அமைப்புகள் திரும்பி வரும். ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் ஸ்மார்ட்மோடம் வழியாகக் கொண்டுவந்த இந்தக் கட்டளைத் தொகுதியின் அடிப்படை எல்லா மோடங்களிலும் ஒன்றுதான். ஆனால் & குறியுடன் தொடங்கும் நீட்டிப்புகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கட்டுப்பாட்டை இயக்க ராக்வெல் சில்லு உள்ள மோடங்களில் &கே3 என்று எழுத வேண்டும்; யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்களில் &ஹெச்1 என்று எழுத வேண்டும். எங்கிருந்தோ எடுத்த நீளமான தொடக்கக் கட்டளைச் சரத்தை அப்படியே ஒட்டுவதை நான் கைவிட்டுவிட்டேன். ஆலை அமைப்பிலிருந்து தொடங்கி, தேவை நிரூபணமான ஒவ்வொரு கட்டளையையும் கையேட்டைப் பார்த்துச் சேர்ப்பதே என் வழக்கம்.

தொலைபேசி இணைப்பு தரும் பதில்களும் கவனமாகப் படிக்கத்தக்கவை. நோ டயல்டோன் என்று வந்தால் கம்பி வரவில்லை என்றோ, கம்பி வந்தும் மோடம் எதிர்பார்க்கும் ஒலி வரவில்லை என்றோ பொருள் கொள்ளலாம். தொலைபேசிக் கருவியை அதே கம்பியில் மாட்டிக் காதில் வைத்துக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். ஒலி கேட்கிறது, மோடம் மட்டும் ஏற்கவில்லை என்றால் ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை அந்த ஒலிக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்றச் செய்யும். நோ கேரியர் (மறுமுனை மோடத்தின் ஒலி இல்லை) என்பது இன்னும் விரிந்த பொருளுடையது. மறுமுனை எடுக்கவில்லை, எடுத்தும் கைகுலுக்கல் (இரு மோடங்களும் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஒப்பந்தம்) முடியவில்லை, முடிந்த பிறகு அறுந்தது ஆகிய மூன்றுக்கும் அதே சொற்கள்தான். கைகுலுக்கல் முடியுமுன்பே மோடம் கைவிடுகிறது என்றால் மோடம் தன் அமைப்பு எண்ணைச் சேமித்திருக்கும் எஸ்7 பதிவேட்டின் மதிப்பை உயர்த்தலாம். அது கேரியருக்காகக் காத்திருக்கும் நொடிகளின் எண்ணிக்கை. பேச்சின் நடுவே ஒரு சிறு சொடுக்கொலியில் அறுகிறது என்றால் எஸ்10 பதிவேட்டை உயர்த்தலாம். அது நொடியில் பத்தில் ஒரு பங்கு என்ற அலகில், கேரியர் மறைந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதைச் சொல்கிறது.

இனி, நான் மிகவும் மதித்துப் பேச விரும்பும் பகுதி. சீரியல் போர்ட்டின் உள்ளே பைட்டுகளை வாங்கி அனுப்பும் யுஆர்ட் சில்லைப் பற்றியது அது. பழைய கணினிகளில் 8250 அல்லது 16450 என்ற சில்லு இருக்கும். வந்து சேரும் பைட்டை வைத்திருக்க அதில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. எட்டு தரவு பிட்டுகள், தொடக்க பிட் ஒன்று, முடிவு பிட் ஒன்று என ஒரு பைட்டுக்குப் பத்து பிட்டுகள் ஆகின்றன. எனவே 9600 வேகத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு ஒரு பைட் வரும். 38400 வேகத்தில் 260 மைக்ரோநொடிக்கு ஒன்று வரும். 115200 வேகத்தில் 87 மைக்ரோநொடிக்கு ஒன்று வரும். அடுத்த பைட் வருவதற்குள் செயலி வந்து முந்தைய பைட்டை எடுத்துச் செல்லாவிட்டால் அது அழிந்துபோகும். 16550ஏ சில்லில் பதினாறு பைட்டுகள் வரிசையில் காத்திருக்க இடம் உண்டு என்பதால் செயலிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. எந்தச் சில்லு இருக்கிறது என்பதை டாஸுடன் வரும் எம்எஸ்டி நிரலே காட்டிவிடும்.

செயலி ஏன் தாமதமாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வட்டில் எழுதும் நேரத்தில் இன்டரப்டுகள் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்படலாம். ஸ்மார்ட்டிரைவ் என்ற வட்டுச் சேமிப்பு நிரல் சேமித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் வட்டுக்கு எழுதும் தருணம் அப்படிப்பட்டது. இஎம்எம்386 என்ற நினைவக மேலாண்மை நிரல் இயங்கினால் செயலி மெய்நிகர் 8086 நிலையில் இருப்பதால் ஒவ்வோர் இன்டரப்டுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இந்தக் குறையின் அடையாளம் தெளிவானது. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறிய பிங் பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்வரும். பெரிய கோப்பை இறக்கும்போது மட்டும் ஓட்டம் விக்கி விக்கி நிற்கும். ஒரு பைட் தொலைந்தாலும் பிபிபியின் சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் முழுச் சட்டகமும் (ஒரே கட்டாக அனுப்பப்படும் தரவும்) வீசப்படுகிறது. பிறகு டிசிபி காத்திருந்து மீண்டும் அனுப்பச் சொல்கிறது. மேலே இருந்து பார்ப்பவருக்கு அது மெதுவான இணையமாகவே தெரியும்.

இதை உறுதிசெய்ய நான் கையாளும் சோதனை எளிமையானது. ரேம்டிரைவ்.சிஸ் கொண்டு நினைவகத்தில் ஒரு சிறு வட்டை உருவாக்கி, அதே கோப்பை ஒருமுறை அங்கேயும் ஒருமுறை நிலைவட்டிலும் இறக்கிப் பார்க்கிறேன். நினைவக வட்டில் தடையின்றி வந்து, நிலைவட்டில் மட்டும் விக்கினால் பைட்டுகள் யுஆர்ட் வாசலில்தான் தொலைகின்றன. 16550ஏ சில்லு உள்ள அட்டையைப் பொருத்துவதே நிரந்தரமான மருந்து. அதற்கு வழியில்லை என்றால் ஸ்மார்ட்டிரைவின் எழுத்துச் சேமிப்பை நிறுத்திவிட்டு, இஎம்எம்386 இல்லாத தொடக்க அமைப்பை உருவாக்கி, போர்ட்டின் வேகத்தை 19200க்கோ 9600க்கோ இறக்க வேண்டும். வேகத்தைக் குறைத்த பிறகு கோப்பு முன்பைவிட விரைவாக வந்து சேர்ந்ததைக் கண்ட நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

மூன்றாவது ஆள் பிபிபி. 1988இல் ஆர்எஃப்சி 1055 விவரித்த எஸ்எல்ஐபியில் முகவரி பேரமோ பிழை கண்டறிதலோ கிடையாது; இருபுறமும் முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிபிபியில் இரு முனைகளும் பேசி முடிவுசெய்கின்றன. ஆகவே அதில் குறை தேடுவது கூடுதல் வேலையாக இருந்தாலும், தடயங்களும் கூடுதலாகக் கிடைக்கின்றன. முனைய நிரலிலேயே எண்ணைச் சுழற்றி, கனெக்ட் என்ற சொல் வந்த பிறகு கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். பயனர் பெயர் கேட்கும் வரி வந்தால் மறுமுனை உரைவழி நுழைவை எதிர்பார்க்கிறது. உங்கள் பிபிபி நிரலுக்கு அதற்கேற்ற உரையாடல் சரம் (எந்த வரிக்கு எதைப் பதிலாக அனுப்புவது என்ற பட்டியல்) தேவை. அதற்கு மாறாக, ~ }#└!}! என்பது போன்ற குறிகள் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் மறுமுனை நேரடியாக பிபிபி பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். சட்டகத்தின் எல்லையைக் குறிக்கும் ஹெக்ஸ் 7ஈ என்ற பைட்தான் திரையில் ~ ஆகத் தெரிகிறது. அப்படி இருக்கும்போது உரையாடல் சரம் எதையும் அனுப்பாமல் பாப் அல்லது சாப் முறையில் அடையாளத்தைக் காட்ட விட வேண்டும். பயனர் பெயருக்காகக் காத்திருக்கும் சரம் இந்தக் குறிகளின் முன்னே நின்று காலாவதி ஆகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெளியே தெரிவதென்னவோ கடவுச்சொல் ஏற்கப்படாதது போன்ற தோற்றம்தான்.

இந்தப் படியில் இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. மோடத்தில் மென்பொருள்வழி ஓட்டக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் ஹெக்ஸ் 11, ஹெக்ஸ் 13 என்ற இரண்டு பைட்டுகளையும் அது தனக்கான சைகைகளாக எடுத்து விழுங்கிவிடும். தரவில் அவை தற்செயலாக வரும்போதெல்லாம் சட்டகம் கெடும். உரைக் கோப்புகள் ஒழுங்காக வந்து, ஜிப் கோப்புகள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் என்றால் இதை நினைவுகொள்ளுங்கள். வன்பொருள் கட்டுப்பாட்டுக்கு மாறுவது முதல் தீர்வு. மாற முடியாத நிலையில் பிபிபியின் அசிங்க்மேப் மதிப்பை (எந்தக் கட்டுப்பாட்டு பைட்டுகளை மாற்றி அனுப்புவது என்று சொல்லும் எண்ணை) ஏ0000 என்று கொடுத்தால் அந்த இரண்டு பைட்டுகளும் மாற்றுவடிவில் அனுப்பப்படும். போர்ட் 7 தரவு பிட்டுகளில் அமைந்திருந்தால் பிபிபி தொடங்கவே தொடங்காது. 8 தரவு பிட், சமநிலை பிட் இல்லை, 1 முடிவு பிட் என்ற அமைப்பே இங்கே செல்லும்.

பிபிபி எழுந்து நின்ற பிறகு மிஞ்சுவது பயன்பாட்டின் அமைப்புதான். அதில் சொல்ல அதிகம் இல்லை. டாஸ்பிபிபிடி, எல்எஸ்பிபிபி போன்ற நிரல்கள் பாக்கெட் டிரைவராக (பயன்பாட்டுக்கும் இணைப்புக்கும் இடையே நிற்கும் நிரலாக) ஹெக்ஸ் 60 முதலான மென்பொருள் இன்டரப்ட் எண்களில் ஒன்றில் அமர்கின்றன. பயன்பாடு அதே எண்ணில் தேட வேண்டும். வாட்டிசிபி நூலகத்தால் கட்டப்பட்ட நிரல்கள் வாட்டிசிபி.சிஎஃப்ஜி என்ற கோப்பில் தம் முகவரியையும், தளப்பெயரை எண்வடிவ முகவரியாக மாற்றித் தரும் பெயர் வழங்கியையும் படிக்கின்றன. ஒவ்வொரு அழைப்பிலும் முகவரி மாறும் என்பதால் நேற்றைய முகவரி அந்தக் கோப்பில் கிடந்தால் இன்று ஒன்றும் நகராது. முதலில் எண்வடிவ முகவரி ஒன்றுக்கு பிங் அனுப்புங்கள், பிறகு பெயருக்கு அனுப்புங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் குறை பெயர் வழங்கி வரியில் உள்ளது. இரண்டும் வந்து, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்தத் தளம் மறையாக்கம் இல்லாத இணைப்பை மறுக்கிறதா என்று பாருங்கள். இன்றைய தளங்களில் பெரும்பாலானவை மறுக்கின்றன. அது உங்கள் டயல்-அப் இணைப்பின் குறையன்று. மறையாக்கம் தெரிந்த உலாவியை வைத்திருப்பவர்கள் கணினியின் தேதியையும் சரிபார்க்க வேண்டும். மின்கலம் தீர்ந்து தேதி 1980க்குத் திரும்பிய கணினிக்கு தளங்களின் எல்லாப் பாதுகாப்புச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்காதவையாகவே தோன்றும்.

அழைக்க எண் அரிதாகிவிட்ட காலம் இது. ஏஓஎல் நிறுவனம்கூட 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. ஆகையால் இப்போது நான் மறுமுனையையும் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்; லினக்ஸ் கணினி ஒன்றில் பிபிபிடி என்ற பிபிபி நிரல் இயங்குகிறது. இதனால் சோதனைக்குப் பெரிய வசதி கிடைத்தது. மோடங்களை நீக்கிவிட்டு இரு கணினிகளையும் நல்-மோடம் கேபிளால் (அனுப்பும், பெறும் கம்பிகளைக் குறுக்காக மாற்றிய கேபிளால்) நேரடியாக இணைத்து, அதே கோப்பை அதே வேகத்தில் இறக்கினால், குறை கேபிளுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணையவழித் தொலைபேசிப் பெட்டிகளின் மூலம் மோடங்களைப் பேசவைக்க விரும்புகிறவர்கள் ஜி.711 குறியாக்கத்தை மட்டும் அனுமதிக்க வேண்டும். குரலைச் சுருக்கும் மற்றக் குறியாக்கங்கள் மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும். அங்கே 33600க்கு ஆசைப்படாமல் 9600க்கோ 14400க்கோ மோடத்தைக் கட்டிப்போட்டால் இணைப்பு நிலைக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விண்மோடம் என்று அழைக்கப்பட்டவற்றின் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவர் செய்வதால், டாஸில் அவற்றைப் பேசவைக்க எந்தக் கட்டளையும் உதவாது. அதில் செலவழிக்கும் நேரத்தை வெளியே வைக்கும் சீரியல் மோடம் ஒன்றைத் தேடுவதில் செலவழிக்கலாம்.

பேசி முடித்து நிரலிலிருந்து வெளியேறிய பிறகும் மோடம் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது கடைசியாக வரும் தொல்லை. கணினி தயார் என்று சொல்லும் டிடிஆர் கம்பி தாழ்ந்தவுடன் மோடம் துண்டிக்க வேண்டும் என்றால் &டி2 அமைப்பு இருக்க வேண்டும்; கேபிளில் அந்தக் கம்பியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால், முனைய நிரலைத் திறந்து, ஒரு நொடி எதையும் தட்டாமல் இருந்து, மூன்று கூட்டல் குறிகளை இடைவிடாமல் தட்டி, மீண்டும் ஒரு நொடி பொறுத்து, ஓகே வந்ததும் ஏடிஹெச் என்று தட்டுங்கள். இணைப்பில் இருப்பதைக் காட்டும் ஓஹெச் விளக்கு அணைந்த பிறகு கணினியை நிறுத்தலாம்.